வெங்காயம் விளையாத கொல்லை
(பைராம் வட்டாரத் தோட்டப்புற வாழ்வில் வீட்டுக் காய்கறித் தோட்டத்தின் வரலாறு)

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் கப்பலில் தொடங்கி, கரும்பு, காப்பி, ரப்பர், செம்பனை என்று பயிர்களின் வரிசையிலேயே அதனைச் சொல்லி வருகின்றனர். இவை யாவும் முதலாளியின் வாணிகத்துக்காக விளைந்த பயிர்கள். தொழிலாளி தன் அடுப்புக்காக விளைவித்த பயிர்களைப் பற்றிய பேச்சு நம்மிடையே மிகக் குறைவு. லயத்தின் பின்புறத்தில் படர்ந்த அவரைக்கும், வேலியில் நின்ற முருங்கைக்கும், சாணம் தெளித்து வளர்த்த மிளகாய்ச் செடிக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் ஒரு புதிரும் உண்டு. அப்புதிரின் பெயர் வெங்காயம்.

தமிழர் சமையலில் வெங்காயம் இல்லாத நாள் அரிது. சாம்பாருக்கும் குழம்புக்கும் துவையலுக்கும் அது வேண்டும். பழைய சோற்றுக்கு அதுவே போதும். வெங்காயம் செழித்து விளையும் திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த உழவர் குடும்பங்கள் இந்நாட்டுத் தோட்டங்களில் நிரம்ப உண்டு. அவர்களுக்குக் கொல்லைப்புறமும் இருந்தது. உழைக்கும் கையும் இருந்தது. ஆயினும் கத்தரியும் வெண்டையும் கீரையும் காய்த்துக் குலுங்கிய அக்கொல்லைகளில் வெங்காயம் ஒரு விளைபொருளாக வேரூன்றவே இல்லை. நூறாண்டுக்கு மேலாக அது கடையிலிருந்தும் கப்பலிலிருந்துமே வந்தது. இது ஏன் என்று வினவினால், மண்ணின் இயல்பு, வாணிகத்தின் போக்கு, சட்டத்தின் தன்மை ஆகிய மூன்றும் நம் கண்முன் வந்து நிற்கும். அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு நடுவிடமாகப் பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறை மாவட்டத்தில், நிபோங் திபாலை ஒட்டியுள்ள பைராம் தோட்டத்து வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம்.

பைராம்: கரும்பிலிருந்து ரப்பருக்கு

பினாங்குத் தீவு 1786ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாயிற்று. எதிர்க்கரையிலுள்ள நிலப்பகுதி 1800இல் கெடாவிடமிருந்து பெறப்பட்டு, வெல்லெஸ்லி மாநிலம் எனப் பெயரிடப்பட்டது. இன்று செபராங் பிறை எனப்படுவது அதுவே. அதன் தென்பகுதி தாழ்ந்த கடற்கரைச் சமவெளி. கடல் கொண்டுவந்து சேர்த்த களிமண், இடையிடையே சதுப்பு, கரையோரம் கண்டல் காடு. கால்வாய் வெட்டி நீரை வடித்தாலொழிய அங்கே எப்பயிரும் நிலைக்காது.

அந்நிலத்தில் முதலில் கரும்பு பயிரிட்டவர்கள் சீனர்கள். 1840ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியர் அத்தொழிலில் இறங்கினர். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரான எட்வர்ட் ஹார்ஸ்மன் என்பவர் இங்குக் கரும்புத் தோட்டங்களில் முதலீடு செய்தார். பின்னர் அவை அவருடைய மைத்துனராகிய சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டனின் கைக்கு மாறின. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ராம்ஸ்டன் குடும்பத்தாரின் மாளிகை ஒன்றின் பெயரும் பைராம் என்பதே. எங்கோ குளிர்நாட்டில் ஒரு பிரபுவின் இல்லத்துக்கு வழங்கிய பெயரைத் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்த நம்மவர் தம் ஊர்ப்பெயராகச் சொல்லும்படி ஆயிற்று.

கரும்புத் தோட்டத்து வாழ்வு கடுமையானது. ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவர்கள் வந்த கடனை அடைக்கும் வரை தோட்டத்தை விட்டு நீங்க முடியாது. கரும்பு வெட்டும் பருவத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பலரைக் கொண்டுபோயின. ஆண்களே மிகுதியாக வந்த காலம் அது. குடும்பம் இல்லாத இடத்தில் அடுப்பு நிலைப்பதில்லை. அடுப்பு நிலைக்காத இடத்தில் கொல்லையும் நிலைப்பதில்லை. ஆதலின், வீட்டுக் காய்கறித் தோட்டம் தோட்டப்புறத்தில் பரவலாக வேரூன்றியது அடுத்த காலக்கட்டத்தில்தான் எனக் கருத இடமுண்டு.

1910ஆம் ஆண்டையொட்டி இரு மாற்றங்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நிகழ்ந்தன. ஒன்று, வெல்லெஸ்லி மாநிலத்தில் கரும்பு மறைந்து ரப்பர் வந்தது. மற்றொன்று, இந்தியர்களைக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணி வழியாகவே ஆள் சேர்ப்பு பெரிதும் நடைபெற்றது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் அழைத்துவந்தார். பெண்கள் வந்தனர், குழந்தைகள் பிறந்தனர், லயங்களில் குடும்பங்கள் பெருகின. பால்மரம் சீவும் வேலை விடியற்காலையில் தொடங்கிப் பிற்பகலுக்குள் முடிவது. மாலைப்பொழுது தொழிலாளிக்கு மிஞ்சியது. அந்த மாலைப்பொழுதில்தான் தோட்டப்புறத்துக் கொல்லை பிறந்தது.

பதினாறில் ஒரு பங்கு ஏக்கர்

கொல்லைக்கு ஒரு சட்டத் தோற்றமும் உண்டு என்பதை நம்மில் பலர் அறிந்திலோம். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. தம்மைச் சார்ந்து வாழ்வோரை உடைய ஒவ்வொரு தொழிலாளிக்கும் காய்கறி பயிரிடவோ மாடு ஆடு மேய்க்கவோ தக்க நிலமாக, ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கினை ஒதுக்கவேண்டும் என்பது அத்தொகுப்பு கூறிய விதிகளுள் ஒன்று. நீரிணைக் குடியேற்றப் பகுதியாக இருந்த பினாங்கிலும் தொழிலாளர் சட்டங்கள் அதே போக்கில்தான் அமைந்தன.

பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் என்பது எவ்வளவு? ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதனைப் பதினாறால் வகுத்தால் ஏறத்தாழ 2,720 சதுர அடி வரும். ஐம்பது அடிக்கு ஐம்பத்து நான்கு அடி என்று கொள்ளலாம். முறையாகப் பயிர்செய்தால் ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவையை நிறைவு செய்யவல்ல பரப்பு அது. தாளில் எழுதப்பட்ட இப்பரப்பு எல்லாத் தோட்டங்களிலும் முழுமையாகக் கிடைத்ததெனச் சொல்வதற்கில்லை. லயத்துக்கும் சாக்கடைக்கும் இடைப்பட்ட சிறு துண்டு நிலமே பலருக்கு வாய்த்தது.

ஆசிரியர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. பள்ளிக்குச் செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப்பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்ததும் இதே 1923ஆம் ஆண்டுத் தொகுப்புதான். எனவே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் தோட்டத்துக் கொல்லையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் பின்னணியில் இருந்தது அருள் மட்டுமன்று. தொழிலாளி குடும்பத்தோடு தங்கினால்தான் ஆள் பஞ்சம் தீரும் என்னும் கணக்கும் இருந்தது. கொல்லையில் காய் கிடைத்தால் கூலியை உயர்த்தவேண்டிய நெருக்கடி குறையும் என்பதையும் நிருவாகம் அறிந்திருந்தது.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில், எளிதில் சென்றடையக்கூடிய வட்டாரங்களுக்கு ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நியமக் கூலி வகுக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும், 1930இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அம்மந்தக் காலத்தில் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியிருந்தோரின் குடும்பங்களை அந்த இருண்ட நாள்களில் தாங்கியவற்றுள் கொல்லைக் கீரையும் மரவள்ளிக் கிழங்கும் முன்னிற்பவை.

கொல்லையில் விளைந்தவை

தோட்டப்புறக் கொல்லையின் பயிர்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முருங்கை, கறிவேப்பிலை, வாழை, எலுமிச்சை போன்ற நிலைத்த மரஞ்செடிகள் முதல் வகை. அவரை, புடல், பாகல், பீர்க்கு, பூசணி போன்ற கொடிகள் இரண்டாம் வகை. கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை ஆகியவை மூன்றாம் வகை. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேம்பு, மஞ்சள் ஆகியவை நான்காம் வகை. இவற்றுள் பெரும்பாலானவை மழையைத் தாங்குபவை. ஒருமுறை நட்டால் பலமுறை பயன் தருபவை. கவனிப்புக் குறைந்தாலும் பிழைத்துக்கொள்பவை. காலையில் பெரட்டுக்கு ஓடும் தாயும் தந்தையும் மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். மாட்டுச்சாணமும் அடுப்புச் சாம்பலும் எருவாயின. அரிசி களைந்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் செடிகளுக்குப் பாய்ந்தன.

இப்பட்டியலில் வெங்காயம் இல்லை. முளைவிட்ட வெங்காயத்தைத் தகரத்திலோ பாத்தி ஓரத்திலோ ஊன்றிவைத்துத் தாளைக் கிள்ளிச் சமைப்பது எளிது. மூன்று நான்கு வாரத்தில் தாள் கிடைத்துவிடும். ஆனால் தாள் என்பது வேறு. காய் என்பது வேறு. நிலத்துக்குள் திரண்டு, தோல் சிவந்து, பரணில் மாதக்கணக்காக இருக்கும் வெங்காயத்தைக் கொல்லையிலிருந்து எடுப்பது அரிதாகவே இருந்தது.

வெங்காயத்தின் இயல்பு

வெங்காயத்தின் பூர்வீகம் மத்திய ஆசியா என்பர். வறண்ட காற்றும் தெளிந்த வானமும் அதற்கு உகந்தவை. நம் மொழியில் அதற்கு உள்ளி என்றொரு பழம்பெயரும் உண்டு. மலையாளத்தில் உள்ளி, தெலுங்கில் உல்லி, கன்னடத்தில் ஈருள்ளி என்று அச்சொல் உடன்பிறந்த மொழிகளிலும் வாழ்கிறது. ஈழத் தமிழர் பூண்டையே உள்ளி என்பர். இந்நாட்டு மலாய் மொழியிலும் பாவாங் என்னும் ஒரே சொல், சிவப்பு, வெள்ளை, பெரியது என்னும் அடைமொழிகளோடு சிறிய வெங்காயத்தையும் பூண்டையும் பெரிய வெங்காயத்தையும் குறிக்கிறது. பாவாங் பூத்தே, பாவாங் மேரா என்னும் சகோதரியர் இருவரின் கதையை நம் மாணவரும் அறிவர். இரண்டு இனத்தாரும் இச்சிறு பயிரை ஒரே குடும்பமாகக் கண்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

பெரிய வெங்காயம் திரள்வதற்குப் பகலின் நீளம் முக்கியமானது. பகலின் நீளத்துக்கேற்பவே பல செடிகள் பூப்பதும் காய்ப்பதும் நிகழ்கின்றன என்பதை 1920ஆம் ஆண்டில் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் விளக்கிக் காட்டினர். ஆலந்து நாட்டில் கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும். அந்நாட்டு விதையை இங்கு ஊன்றினால் இலை மட்டுமே வரும், காய் திரளாது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகை அளவில் உள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு அரை மணிக்குச் சற்று மேல்தான். திருச்சியில் அவ்வேறுபாடு ஏறத்தாழ ஒன்றேகால் மணி. ஆயினும் நம்மவர் விரும்பும் சின்ன வெங்காயம் இவ்வகையில் அத்துணைப் பிடிவாதம் உடையதன்று. பன்னிரண்டு மணிப் பகலில் அது திரளும். ஒரு காய் பிளந்து பல காய்களாகப் பெருகும். 65 முதல் 70 நாள்களில் அறுவடைக்கு வரும் வகைகளும் உண்டு.

அப்படியாயின் தடை எங்கே? தடை மழையிலும் மண்ணிலும் இருந்தது. பினாங்கு வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. திருச்சிச் சீமையில் அதில் மூன்றில் ஒரு பங்களவே மழை. அதுவும் சில மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். அங்கே கிணற்று நீரை வேண்டியபோது பாய்ச்சலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். பாய்ச்சும் நீரை மனிதன் ஆள்கிறான். வானத்து நீரை ஆள முடியாது. வெங்காயத்தின் வேர் குட்டையானது. நீர் தேங்கினால் காய் அழுகும். இலையில் ஈரம் தங்கினால் பூஞ்சைப் புள்ளிகள் பரவும். அறுவடைக்கு முன் தாள் சாய்ந்து காயும் காலத்தில் ஒரு வாரம் அடைமழை பெய்தால் அத்தனையும் பாழ். பைராம் போன்ற கரையோரக் களிமண்ணோ நீரை எளிதில் விடுவதில்லை. புளிப்புத் தன்மையும் உடையது. எனவே இயற்கையே முதல் தடை என்பது உண்மை.

பிரபீசின் சான்றும் யாழ்ப்பாணத்தின் சான்றும்

ஆனால் இயற்கை முழு விடையன்று. இந்தோனேசியாவில், மத்திய சாவகத்தின் வடகரையில் பிரபீஸ் என்னும் மாவட்டம் இருக்கிறது. அதுவும் நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகைக்கு உட்பட்டதே. அதுவும் களிமண் பாங்கான கடற்கரைச் சமவெளியே. ஆயினும் அந்நாட்டுச் சிறிய வெங்காயத்தின் தலைநிலமாக அது விளங்குகிறது. அவ்வூர் உழவர் வயலில் ஆழமாக வாய்க்கால்களை வெட்டி, வெட்டிய மண்ணை இடையிடையே உயர்ந்த மேட்டுப்பாத்திகளாகக் கொட்டுகின்றனர். மழை வந்தால் நீர் வாய்க்காலில் வடியும். வெயில் வந்தால் வாய்க்கால் நீரையே அள்ளிப் பாத்தியில் தெளிப்பர். அங்கு வறண்ட பருவம் தெளிவாக அமைவதும் துணைசெய்கிறது. ஆனால் நம் வட்டாரத்திலும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைவதை நாம் அறிவோம்.

அடுத்து யாழ்ப்பாணத்தைப் பார்ப்போம். இந்நாட்டு ரயில்வேயிலும் தோட்ட அலுவலகங்களிலும் கிராணிமாராகப் பணிபுரிந்த யாழ்ப்பாணத் தமிழரின் தாயகம் அது. சுண்ணாம்புப் பாறைமேல் படிந்த செம்மண். துலாவால் நீர் இறைக்கும் கிணறு. சிறு சிறு துண்டு நிலம். அந்நிலத்தில் அவர்கள் சின்ன வெங்காயத்தையும் மிளகாயையும் விளைவித்தனர். 1970 முதல் 1977 வரை இலங்கை அரசு உணவுப்பொருள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது அவ்விளைச்சல் பெருகிற்று. சிறு உழவர் குடும்பங்கள் நிமிர்ந்தன. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை வீழ்ந்தது. அவ்வுழவர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். அரசின் ஓர் ஆணை வெங்காயப் பாத்தியை வாழவும் வைக்கும். வாடவும் வைக்கும் என்பதற்கு இது சான்று.

இவ்விரு சான்றுகளும் நமக்கு ஒன்றை உணர்த்துகின்றன. பிரபீஸ் உழவனும் யாழ்ப்பாண உழவனும் தம் நிலத்தை ஆண்டுக்கணக்கில் தம் கையில் வைத்திருந்தவர்கள். மேட்டுப்பாத்தி ஒரு நாளில் அமைவதன்று. களிமண்ணில் சாணமும் சாம்பலும் மணலும் சேர்த்து, அதனைப் பொலபொலப்பாக்கப் பல பருவங்கள் ஆகும். அவ்வுழைப்பை இடுபவன் அடுத்த பருவத்திலும் அந்த நிலம் தனக்கே என்ற உறுதியைப் பெற்றிருக்கவேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு அவ்வுறுதி இல்லை. வேலை போனால் லயம் போகும். லயம் போனால் கொல்லையும் போகும். நிருவாகம் கால்வாயை மாற்றினால், லயத்தை இடித்துக் கட்டினால், மரங்களை மறுநடவு செய்தால், பாத்தி பறிபோகும். நட்ட சில வாரங்களிலேயே பறிக்கத்தக்க கீரையையும், எங்கு ஊன்றினாலும் வளரும் மரவள்ளியையும் தொழிலாளி தேர்ந்தெடுத்தது அறியாமையால் அன்று. தன் நிலையை நன்கு அறிந்ததனால் எனலாம். இரவல் நிலத்துக்கு இரவல் நிலத்துப் பயிர் என்பதே அவர் கண்ட விதி.

கப்பல் கொணர்ந்த வெங்காயம்

மூன்றாவது காரணம் வாணிகம். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே நெடுங்காலமாகக் கப்பல் போக்குவரத்து நடந்தது. 1926இல் ஓடத்தொடங்கிய ரஜூலா கப்பலை நம் முதியோர் மறவார். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சென்ற அக்கப்பல் 1973 வரை நம் மக்களைச் சுமந்தது. அதன்பின் எம்.வி. சிதம்பரம் என்னும் கப்பல் அப்பணியை ஏற்றது. 1985இல் நேர்ந்த தீ விபத்தோடு அக்கப்பற்பயணமும் முடிவுற்றது. இத்தகைய கப்பல்களில் ஆளோடு சரக்கும் வந்தது. நாகப்பட்டினத்தில் ஏற்றப்பட்டவற்றுள் வெங்காயமும் மிளகாயும் உண்டு. ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் இறங்கிய மூட்டைகள் இந்திய வணிகர்களின் கடைகளுக்குச் சென்றன. அங்கிருந்து தோட்டத்துக் கடைகளுக்குப் பிரிந்தன. வெங்காயம் வற்றிய பொருளாதலால் கடற்பயணத்தைத் தாங்கியது. கத்தரிக்காயும் கீரையும் அவ்வாறு தாங்கா. ஆகவே தாங்காதவற்றைத் தொழிலாளி விளைவித்துக்கொண்டார். தாங்கியதை விலைக்கு வாங்கிக்கொண்டார். கடையில் கணக்கு எழுதிச் சம்பள நாளில் அடைக்கும் வழக்கமும் இதற்குத் துணைபோயிற்று.

கப்பல் நின்றால் என்னாகும் என்பதை 1941ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். மூன்றரை ஆண்டுக்கு மேல் இந்தியாவோடு கடல்வழித் தொடர்பு அற்றது. வெங்காயமும் பருப்பும் வராது போயின; அரிசியும் அருகிற்று. ரப்பருக்கு வாங்குவார் இல்லாமையால் கூலியும் இல்லை. ஆடவர் பலர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் எண்ணற்றோர் திரும்பவே இல்லை. வீட்டில் எஞ்சிய பெண்களும் முதியோரும் பால்மரங்களுக்கிடையே மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டு உயிர் காத்தனர். பதினாறில் ஒரு பங்கு ஏக்கரில் கற்ற பயிர்த்தொழில் அன்று உயிர்த்தொழிலாயிற்று. கொல்லை என்பது பொழுதுபோக்கு எனக் கருதுவோர் இக்காலத்தை ஒருகணம் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

கொல்லை சுருங்கிய கதை

போர் முடிந்தபின் அமைதி நீடிக்கவில்லை. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு சென்றுசேராதபடி தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் பல இடங்களில் ஒன்றுதிரட்டப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. வேலிக்குள் இடம் குறுகியது. வேலிக்கு வெளியே சோற்றுப் பொட்டலம் எடுத்துச் செல்வதுகூடக் குற்றமாகக் கருதப்பட்ட நாள்கள் அவை.

விடுதலைக்குப் பின் கொல்லைக்கு மீண்டும் ஒரு நற்காலம் வந்தது. 1974ஆம் ஆண்டில் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். விலைவாசி உயர்ந்த அந்நாளில் வீட்டைச் சுற்றியும் பள்ளி வளாகத்திலும் வெற்றிடங்களிலும் காய்கறி பயிரிடுமாறு மக்களை அத்திட்டம் ஊக்கியது. பள்ளித் தோட்டங்கள் பல அதனால் தழைத்தன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு இது புதிய பாடமன்று. வீட்டில் தாயிடம் கற்றதைப் பிள்ளை பள்ளியில் செய்துகாட்டியது; அவ்வளவே.

அதன்பின் நிகழ்ந்த மாற்றம் விரைவானது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குக் குறைந்த ஆள்கள் போதும். தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் உருமாறின. தென் செபராங் பிறையைச் சேர்ந்த பத்து காவானில் இம்மாற்றத்தைக் கண்கூடாகக் காணலாம். பினாங்கின் இரண்டாம் பாலம் 2014இல் திறக்கப்பட்டு அங்கே கரையேறுகிறது. கரும்பும் ரப்பரும் செம்பனையும் கண்ட நிலத்தில் ஆலைகள் எழுந்துள்ளன. அவ்வாலைகளில் நம் இளைஞர் வேலை பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. லயத்து வாழ்வை மீண்டும் வேண்டுவார் யாரும் இல்லை, வேண்டவும் கூடாது. ஆனால் லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குச் சென்ற குடும்பம் கொல்லையைத் தன்னோடு எடுத்துச்செல்ல முடியவில்லை. பாத்தி, வரப்பு, மண்வெட்டி, களைக்கொத்தி, நாற்று, எரு என்னும் சொற்களை நம் பிள்ளைகள் இன்று பாடநூலில் மட்டுமே காண்கின்றனர். பொருளைக் காணாத சொல் மனத்தில் நிற்பதில்லை என்பதை வகுப்பறையில் நாள்தோறும் காண்கிறோம்.

அண்மைக்காலப் படிப்பினை

1941ஆம் ஆண்டின் படிப்பினை பழங்கதையாகிவிடவில்லை. இந்திய அரசு உள்நாட்டு விலையேற்றத்தைத் தடுக்க 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி விதித்தது. டிசம்பர் 8ஆம் நாள் ஏற்றுமதியையே தடைசெய்தது. 2024 மே மாதத் தொடக்கத்தில்தான் அத்தடை நீங்கிற்று. மலேசியா தனக்கு வேண்டிய வெங்காயத்தில் மிகப் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்தே பெறுவதால் அத்தடையின் வெப்பம் நம் அடுப்படியிலும் உணரப்பட்டது. 1969இல் நிறுவப்பெற்ற மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையமாகிய மார்டி, இந்நாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற சிறிய வெங்காய வகைகள் மூன்றினை உருவாக்கிப் பயிரிட்டுக் காட்டியுள்ளது. 2030ஆம் ஆண்டுக்குள் சிறிய வெங்காயத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிப்பது என்னும் இலக்கும் அறிவிக்கப்பட்டுள்ளது. விளையாது என்று விடப்பட்ட பயிரை விளைவிக்க இன்று நாடே முயல்கிறது. மண்ணும் மழையும் மாறிவிடவில்லை. தேவையும் முயற்சியும் நில உறுதியும் ஒன்றுசேர்ந்தால் தடையைக் கடக்க வழி பிறக்கும் என்பதே இதன் பொருள்.

பள்ளிக்கு ஒரு பாத்தி

1923ஆம் ஆண்டுச் சட்டம் ஈன்ற இரு பிள்ளைகளில் கொல்லை மறைந்துகொண்டிருக்கிறது, பள்ளி நிலைத்திருக்கிறது. பைராம் என்னும் தோட்டத்துப் பெயரை இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்கிறது. அவ்வாறே கிரியான், வால்டோர், சங்காட், ஜாவி எனப் பழைய தோட்டங்களின் பெயர்களைச் சுமக்கும் பள்ளிகள் இவ்வட்டாரத்தில் உள்ளன. எஞ்சியிருக்கும் பிள்ளை மறைந்துவரும் பிள்ளையின் கடமையையும் ஏற்றல் முறையன்றோ? ஆதலின் நம் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு வெங்காயப் பாத்தி அமையவேண்டும் என்பது என் பரிந்துரை.

அதற்கு வேண்டுவன சிலவே. பத்தடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள மேட்டுப்பாத்தி போதும். முக்கால் அடிக்குக் குறையாத உயரமும் இருபுறமும் வடிகாலும் வேண்டும். களிமண்ணாயின் மணலும் மக்கிய எருவும் கலந்து, புளிப்புத் தீரச் சிறிது சுண்ணாம்பு இடல் நன்று. அறுவடைக்குப் பின் ஓய்வில் இருந்த, நடுத்தர அளவுள்ள சின்ன வெங்காயத்தைத் தேர்ந்து, நுனி சற்றே வெளியே தெரியும்படி நான்கு விரல் இடைவெளியில் ஊன்றவேண்டும். டிசம்பர் இறுதியில் நட்டால் காய் திரளும் காலமும் உலரும் காலமும் மழை குறைந்த மாதங்களில் அமையும். பெருமழைக்கு மேலே ஒளி ஊடுருவும் தாள் விரிப்பு ஒன்று பந்தலாக உதவும். தாள் மஞ்சளித்துச் சாயும்போது நீரை நிறுத்தி, தாளோடு பிடுங்கி, காற்றோட்டமான நிழலில் உலர்த்தி, முடிச்சிட்டுத் தொங்கவிடலாம்.

விளைச்சல் குறைவாகத்தான் இருக்கும். சில கிலோ வெங்காயத்தால் பள்ளியின் செலவு குறைந்துவிடாது. பாத்தியின் பயன் வேறு. பகலின் நீளத்தை அறிவியல் ஆசிரியர் அங்கே விளக்கலாம். பரப்பளவையும் இடைவெளியையும் கணித ஆசிரியர் அளக்கவைக்கலாம். உள்ளி என்னும் சொல்லின் உறவுகளைத் தமிழாசிரியர் கூறலாம். நாகப்பட்டினத்துக் கப்பலையும் ஜப்பானியர் காலத்து மரவள்ளியையும் பதினாறில் ஒரு பங்கு ஏக்கரையும் வரலாற்று ஆசிரியர் எடுத்துரைக்கலாம். ஊரிலுள்ள முதிய தாய்மாரை அழைத்துவந்து, கொல்லை வளர்த்த முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவைக்கலாம். அவர்கள் கையிலுள்ள அறிவு ஏட்டில் இல்லை. அவர்களோடு அது மறைந்தால் மீட்க வழியும் இல்லை.

முடிவுரை

பைராம் வட்டாரத்துக் கொல்லையில் வெங்காயம் விளையாமைக்கு மழையும் மண்ணும் ஒரு காரணம். கப்பல் வாணிகம் ஒரு காரணம். நிலத்தின்மேல் தொழிலாளிக்கு உறுதி இல்லாமை மற்றொரு காரணம். முன்னிரண்டையும் நம் முன்னோர் மாற்ற இயலாது. மூன்றாவதை மாற்ற அவர்களுக்கு உரிமை தரப்படவில்லை. ஆயினும் தமக்குக் கிடைத்த சிறு நிலத்தில் தம் நிலைக்கேற்ற பயிரைத் தேர்ந்து, மந்தத்திலும் போரிலும் தம் மக்களைக் காத்தனர். அவர்களைக் கூலிகள் என்று மட்டும் குறிக்கும் வரலாறு குறையுடைய வரலாறு. அவர்கள் உழவராகவே வந்தனர்; பால்வாளி தூக்கிய காலத்திலும் உழவராகவே வாழ்ந்தனர்.

இன்று நம் பள்ளிகளின் நிலம் நம் பொறுப்பில் இருக்கிறது. அடுத்த பருவத்திலும் அது நம்மிடமே இருக்கும். நம் முன்னோர்க்கு வாய்க்காத அவ்வுறுதி நமக்கு வாய்த்திருக்கும்போது, அதில் ஒரு பாத்தி உயரட்டும். அப்பாத்தியில் நம் பிள்ளைகள் வெங்காயத்தை ஊன்றட்டும்.